கரியனின் வால்

எங்கள் ஆய்வகத்தில் என்னை முடியக்கா என்பார்கள். நாள் முழுக்கக் குதிரை முடியோடு மாரடிப்பதால் வந்த பெயர். எதைக் கேட்டாலும் முதலில் 'முடியாது' என்று சொல்வதால் வந்ததாகவும் ஒரு கட்சி உண்டு. இரண்டுமே உண்மைதான், அதனால் நான் சண்டைக்குப் போவதில்லை.

வேலை இதுதான். காகித உறையில் பிடரி முடி வரும். வேர் இருக்கிறதா என்று விளக்கடியில் வைத்துப் பார்ப்பேன், கழுவுவேன், வேரை மட்டும் கத்தரித்துக் குப்பியில் போட்டு அதிலிருந்து மரபணுவைப் பிரிப்பேன். வேரோடு பிடுங்குங்கள் என்று படம் போட்டு அனுப்பினாலும், கத்தரியால் நறுக்கி ரிப்பன் கட்டி அனுப்பும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டும் வேலையும் என்னுடையதே. அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

என் தம்பிக்குக் குதிரைதான் உலகம். ஊருக்கு வெளியே பொது மேய்ச்சல் நிலத்தை ஒட்டி ஒரு லாயம், அதில் ஆறு குதிரைகள். எல்லாம் கட்டைக்கால் இனம். குட்டைக் கால்கள், அகன்ற நெஞ்சு, யாரோ வம்புக்கு இழுத்துவிட்ட மாதிரி ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்தால் என் நினைவு வருவதாகச் சொல்வான். நான் கோபப்பட்டால், இதோ பார் அதே முகம் என்பான்.

இந்த இனத்துக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு வம்சப் புத்தகம், புத்தகத்தின் முதல் பக்கத்தில் கரியன். நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த கறுப்பு ஆண் குதிரை. இன்றுள்ள பதினோரு பதிவு பெற்ற ஆண் குதிரைகளும் அதன் ஆண்வழி வாரிசுகள் என்கிறது புத்தகம். கரியன் செத்தபோது தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே வைக்கோல் அடைத்து, சங்கக் கட்டடத்தின் முன்கூடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.

என் தம்பியின் குதிரைகளும் கரியன் வழிதான் என்பது அவன் வாதம். அவற்றின் மூதாதையை வைத்திருந்த மனிதர் சங்கத்தோடு மல்லுக்கு நின்று, பெயரே எழுதாமல் வெளியேறிவிட்டாராம். வாய்மொழிக் கதைதான், ஏட்டில் ஒரு வரி கிடையாது. எட்டு வருடங்களுக்கு முன் சங்கம் எங்களிடம் வந்து, கரியனின் வாலிலிருந்து தோலோடு எடுத்த ஒரு கற்றை முடியைக் கொடுத்தது. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் மரபணுத் துண்டு ஒன்று உண்டு, ஒய் குரோமோசோம் என்பார்கள். வழியில் எந்தப் பெண் குதிரை வந்தாலும் அது மாறாது. கரியனுடையதை எடுத்து மற்றவற்றோடு ஒப்பிட்டால் போதும், யார் வாரிசு, யார் இல்லை என்பது தெரிந்துவிடும்.

அந்த முடியைக் கழுவியது நான். பிரித்ததும் நான். பதினோரு குதிரைகளும் கச்சிதமாகப் பொருந்தின. என் தம்பியின் ஆண் குதிரை முரடன் பொருந்தவில்லை.

நான்தான் அவனிடம் சொன்னேன். "உன் குதிரை கலப்புடா. புத்தகம் பொய் சொல்லலாம், ஆளுங்க பொய் சொல்லலாம், இது சொல்லாது," என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும், வேலையைப் பற்றிப் பேசும்போது எனக்கு அது வந்துவிடும். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து முரடனுக்குக் காயடித்துவிட்டான். அந்தச் சமயத்தில் லாயத்துப் பெண் குதிரை ஒன்றின் வயிற்றில் முரடனின் குட்டி இருந்தது. பிறந்தது ஆண், பெயர் குட்டையன். அதற்கு மட்டும் காயடிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டான்.

இப்போது அந்தப் பிடிவாதத்துக்குத்தான் ஆபத்து. கரியன் வழியில் வராத, காயடிக்காத ஆண் குதிரை எதுவும் பொது மேய்ச்சல் நிலத்தில் நிற்கக் கூடாது என்று சங்கம் விதி போட்டது. வேறு நிலம் என் தம்பிக்குக் கிடையாது. கடைசி வாய்ப்பாக இன்னொரு பரிசோதனை செய்துகொள்ளலாம், அதிலும் பொருந்தாவிட்டால் அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை குதிரை டாக்டர் வந்து குட்டையனுக்குக் காயடித்துவிடுவார். அந்த வழியில் மிச்சமிருந்த ஒரே ஆண் அதுதான். அதோடு அந்த வழியே முடிந்துவிடும்.

எங்கள் ஆய்வகத் தலைவி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சின்ன மேடம் என்று கூப்பிடுவேன். மறுபரிசோதனைக்கு முடி வந்த முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"அக்கா, உங்க தம்பி குதிரையோட முடிய நீங்க தொடக் கூடாது. அத நான் பாத்துக்கறேன். நீங்க கரியனோட பழைய மாதிரிய எடுத்து புது மெஷின்ல ஓட்டுங்க."

"நான் ஏதாவது தில்லுமுல்லு பண்ணிடுவேன்னு பயமா?"

"நீங்க பண்ண மாட்டீங்க. பண்ணீங்கன்னு நாளைக்கு எவனும் சொல்லிடக் கூடாது."

நியாயம்தான். ஆனாலும் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தேன். உறைபெட்டியிலிருந்து எட்டு வருடத்துக்கு முந்தைய குப்பியை எடுத்து மெஷினில் வைத்தேன். பழைய மெஷின் ஒய் துண்டை மட்டும் படிக்கும். புதியது ஊர்வம்பு பிடித்தது, கேட்காததையெல்லாம் சொல்லும். உயரம், நோய், தோல், நிறம் என்று நாற்பது வரி.

மறுநாள் காலை முடிவு வந்தது. ஒய் துண்டு அதேதான், மாற்றமில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மூடிவைக்கப் போனவள் சும்மா நிறத்துக்கான வரியைப் பார்த்தேன். சிவப்பு என்று இருந்தது.

செம்பழுப்பு, செங்கல் நிறம், எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த வகை மரபணு இரண்டு பக்கமும் இருந்தால் குதிரையின் உடம்பில் கறுப்பு முடி முளைக்கவே முளைக்காது. கரியனோ தலை முதல் வால் வரை அட்டைக் கறுப்பு. பெயரே கரியன். மறுபடி ஓட்டினேன். மறுபடியும் சிவப்பு.

குப்பி மாறிவிட்டதா என்று பார்த்தேன். இல்லை. எண் சரி, தேதி சரி, என் கையெழுத்து. அலமாரியின் அடித்தட்டில் மிச்ச முடி இருக்கும் உறை கிடைத்தது. ஒரு முடியை எடுத்துச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் மெதுவாக இழுத்தேன். பஞ்சு கறுத்தது. இன்னொரு முறை இழுத்தேன், இன்னும் கறுத்தது. ஐந்தாவது முறை முடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், பளபளவென்று செம்புக் கம்பி.

வாலுக்கு மை பூசியிருக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருடங்களுக்கு முன் இதே முடியை நான் கழுவினேன். கழுவிய தண்ணீர் மை மாதிரி ஓடியது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூண்டுக்குள் நூறு வருடம் நின்ற குதிரை, புகையும் தூசியும் படிந்திருக்கும் என்று நினைத்து, தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு அடுத்த உறையை எடுத்தேன். மற்றவர்கள் அனுப்பும் முடியில் ஒரு புல் ஒட்டியிருந்தாலும் கூப்பிட்டுத் திட்டுகிறவள் நான். கறுத்த தண்ணீரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

சின்ன மேடத்திடம் பஞ்சையும் முடியையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் முடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கரியனோட முடி இல்ல," என்றார்.

"இல்ல. ஆனா அந்தப் பதினோரு குதிரைக்கும் இது பாட்டன். அப்போ இது யாரு?"

"போய்ப் பாக்கலாம் வாங்க," என்று அவர் கார் சாவியை எடுத்தார். இப்படிப்பட்ட இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

சங்கத் தலைவர் முன்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பதினொன்றில் நான்கு குதிரைகள் அவருடையவை. கலப்பு என்ற சொல்லை என் தம்பி முகத்துக்கு நேரே கூட்டத்தில் சொன்னவரும் அவரே. கூண்டைத் திறக்க வேண்டும் என்றதும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எதுக்கு? அதான் ஒரு தடவ எடுத்தாச்சே?"

"ஒரு சந்தேகம் வந்திருக்குங்க. வால்ல இருந்து எடுத்தது சரியில்லன்னு தோணுது. பல்லுல இருந்து கொஞ்சம் தூள் எடுத்துப் பாக்கணும்," என்றார் சின்ன மேடம்.

"கரியன் மேல துளை போடறதா?"

"வெளிய தெரியாதுங்க. பின்பல்லுதான்."

தலைவர் யோசித்தார். பிறகு சிரித்தார். "எடுத்துக்கங்க. எத்தன தடவ பாத்தாலும் எங்க குதிரைங்கதான் பொருந்தும். அப்புறம் யாரும் வாயத் திறக்கக் கூடாது," என்று என்னைப் பார்த்தார். நான் யாருடைய அக்கா என்பது அவருக்குத் தெரியும்.

பழைய பதப்படுத்தலில் விஷம் சேர்த்திருப்பார்கள் என்பதால் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டோம். கிட்டத்தில் கரியன் நான் நினைத்ததைவிடச் சின்னது. கண்ணாடிக் கண் ஒன்று கொஞ்சம் மேலே பார்த்தது. அந்தக் காலத்தில் பதப்படுத்தியவர்கள் நிஜ மண்டையோட்டை உள்ளே வைத்துத்தான் தோலைப் போர்த்துவார்கள், அதனால் பல் அதன் சொந்தப் பல். சின்ன மேடம் துளையிட, நான் பின்பக்கம் போனேன். அங்கே எனக்கு வேறு வேலை இருந்தது.

வாலைத் தூக்கினேன். உடம்பு முழுக்கத் தையல் நூல் மெல்லியது, பழுப்பு. வால் ஒட்டுகிற இடத்தில் மட்டும் தடித்த நூல், சேணம் தைக்கிற நூல். தையலும் வேறு கை. தையல்காரர் வேலைக்கும் சாக்கு தைக்கிறவர் வேலைக்கும் உள்ள வித்தியாசம்.

"இந்த வால யார் வச்சாங்க?" என்று கேட்டேன்.

தலைவர் எட்டிப் பார்த்தார். "யாரு வைக்கணும்? அது கூடவே பொறந்தது," என்றார்.

கூண்டின் அடியில் ஒரு மர இழுப்பறை. வம்சப் புத்தகம் மேலே பட்டுத் துணியில் இருக்க, இதில் பழைய லாயக்காரரின் வேலைக் குறிப்பேடு கிடந்தது. லாடம், வைக்கோல், ஆணி என்று எழுதியிருக்கும், அதைப் போய் யார் படிப்பார்கள் என்றார் தலைவர். நான் படித்தேன். சும்மா இருக்க என்னால் முடியாது. முக்கால் மணி நேரம் லாடத்துக்கும் வைக்கோலுக்கும் நடுவே போராடியபின் அந்த வரி அகப்பட்டது. கரியன் செத்துப் பதினான்கு வருடம் கழித்து எழுதியது.

'கரியன் வாலைப் பூச்சி அரித்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. போன வாரம் செத்த செம்பனின் வாலைத் தோலோடு எடுத்துத் தைத்தேன். பூட்ஸ் மை மூன்று டப்பா. அப்பனுக்கு மகன் வால், தவறில்லை.'

சத்தமாகப் படித்துக் காட்டினேன். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "செம்பன் கரியனோட மகன்தான். எங்க குதிரைங்க எல்லாம் செம்பன் வழிதான். மகன் வால்ல இருந்து எடுத்தா என்ன, அப்பன் வால்ல இருந்து எடுத்தா என்ன, ஒய் ஒண்ணுதானே? நீங்கதானே சொன்னீங்க?"

அவர் சொன்னது சரி. லாயக்காரர் நினைத்ததும் அதைத்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது, அவர் மேல் அல்ல, அது சரியாக இருந்ததால். ஏட்டை மூடாமல் பின்னோக்கிப் புரட்டினேன். செம்பன் பிறந்த நாளை வம்சப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டு, அதற்கு முந்தைய பக்கங்களில் விரலை ஓட்டினேன். செம்பனின் தாய் வெளியிலிருந்து வாங்கி வந்த குதிரை. வந்து சேர்ந்த தேதி இருந்தது. புதுக் கடிவாளம் ஒன்று என்று செலவு எழுதியிருந்தார்.

விரல் விட்டு எண்ணினேன். தாய் வந்து சேர்ந்த ஐந்தாவது மாதமே குட்டி பிறந்திருக்கிறது. குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம்.

"தலைவரே, நீங்களே எண்ணிப் பாருங்க," என்று ஏட்டை அவர் மடியில் வைத்தேன்.

அவர் எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். வந்தபோதே சினையாக வந்திருக்கிறது அந்தத் தாய். கரியனின் லாயத்தில் பிறந்த குட்டியைக் கரியன் பெயரில் எழுதிவிட்டார்கள். அந்தக் காலத்தில் எந்த லாயத்தில் பிறக்கிறதோ அந்த லாயத்து ஆண் குதிரைதான் அப்பன், அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எனக்கு அப்படியெல்லாம் லேசில் தோன்றாது.

பல் தூளை ஆராய இரண்டு வாரம் பிடித்தது. தனி அறை, தனி உடை, சின்ன மேடம் மட்டும் உள்ளே. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே குட்டி போட்ட பூனையாய்ச் சுற்றினேன். செம்பன் கரியனின் மகன் இல்லை என்பதால் குட்டையன் பிழைத்துவிடும் என்று ஆகாது. கரியனின் ஒய் மூன்றாவது வகையாக வந்துவிட்டால் எல்லாருமே கலப்பு. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. தம்பி தினமும் போன் செய்தான். ஒன்றும் கேட்க மாட்டான், சாப்பிட்டாயா என்பான், வைத்துவிடுவான்.

புதன்கிழமை மதியம் சின்ன மேடம் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"பல்லு கறுப்புக் குதிரையோடதுதான். நிறம் சரியா வருது," என்றார்.

"மேடம், ஒய் சொல்லுங்க. அப்புறம் நிறம் பேசலாம்."

"குட்டையன். குட்டையன் மட்டும்தான்."

நான் அழுதேன். ஆய்வகத்தில் முடியக்கா அழுது யாரும் பார்த்ததில்லை, அன்று எல்லாரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

வியாழன் காலை சங்கக் கூட்டம். சின்ன மேடம் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் எழுந்து விதியைப் படித்தார். கரியனின் ஆண்வழியில் வராத எந்த ஆண் குதிரையும் மேய்ச்சல் நிலத்தில் நிற்கக் கூடாது, நின்றால் காயடிக்கப்படும். அவரே எழுதிய விதி. படித்து முடித்தபின் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அதன்படி பார்த்தால் பதினோரு குதிரைகளும் போக வேண்டும், அவருடைய நான்கு உட்பட.

கூட்டம் முழுவதும் என் தம்பியைத் திரும்பிப் பார்த்தது. அவன் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க சொல்லுங்க. உங்க வாய்ல இருந்து வரட்டும்," என்றார் தலைவர். இத்தனை வருடத்தில் அவர் அவனை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

தம்பி எழுந்தான். "யாருக்கும் காயடிக்க வேணாங்க. நூறு வருஷமா கட்டைக்காலாத்தான் இருக்கு அதுங்களும். ரெண்டு வழின்னு புத்தகத்துல எழுதிக்கலாம். கரியன் வழி, செம்பன் வழி," என்றான். உட்காரப் போனவன் மறுபடி நிமிர்ந்தான். "கலப்புங்கற வார்த்தைய மட்டும் இனிமே யாரும் சொல்ல வேணாம். அது கேக்க நல்லா இல்ல."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்றார். எல்லாரும் கைதூக்கினார்கள்.

வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. கறுத்த தண்ணீரைப் பற்றி அவனிடம் சொன்னேன். பார்த்தேன், கேட்கவில்லை, கொட்டிவிட்டேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அன்றைக்கே கேட்டிருந்தால் முரடன் முழுசாக இருந்திருக்கும், அதற்குப் பத்துக் குட்டிகள் இருந்திருக்கும் என்றேன். நான் பேசிக்கொண்டே போனேன், அவன் நடந்துகொண்டே போனான். வண்டி அருகில் போய்த்தான் நின்றான்.

"அவங்க சொன்னது எனக்கு வலிக்கலக்கா. அவங்க என்னிக்கும் அப்படித்தான். நீ சொன்னே. அதனாலதான் முரடனுக்கு நானே டாக்டரக் கூப்பிட்டேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மாலையில் திருத்த அறிக்கை எழுத உட்கார்ந்தோம். 'பிழைக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பழைய மாதிரியில் வெளிக்கலப்படம் என்று போட்டுவிடலாம், பொய்யும் இல்லை என்றார் சின்ன மேடம், என் மேல் உள்ள அக்கறையில். எதையும் பூசி மெழுக எனக்கு வராது. பேனாவை வாங்கி நானே எழுதினேன். 'கழுவிய தண்ணீர் கறுத்தது. பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்பதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா, டாக்டர் வரேன்னு சொன்ன தேதி இன்னிக்கு. அவருக்கு வேணாம்னு சொல்ல மறந்துட்டேன், வந்து நிக்கறார். சரி வந்ததுதான் வந்தீங்க, முரடனுக்குப் பல்லு கூராகிக் கெடக்கு, அத ராவிட்டுப் போங்கன்னேன். அது யாரையும் கிட்ட விடல. தலையப் பிடிக்க ஒரு ஆளு வேணும்."

"நான் வந்தா கடிக்கும்டா. அதுக்கு என்னைப் பிடிக்காது."

"கடிக்கட்டும்," என்றான் தம்பி. "வா."

போனேன். முரடன் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு அதே முகத்தோடு நின்றது. அடுத்த தடுப்பில் குட்டையன் வாயில் வைக்கோலோடு எங்களை வேடிக்கை பார்த்தது. நான் முரடனின் தலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். டாக்டர் அரத்தை எடுத்துப் பின்பற்களை ராவினார். அது கடிக்கவில்லை. கடித்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.